உடையாத வெள்ளைக் கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் கை கால் முழுசாக நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், மற்றவர்கள் மரியாதைக்கு எழுதும் இந்த வரியை நான் நிஜமாகவே கேட்டு எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி முன்போலத்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் புது மெஷின் வந்திருக்கிறது, மெஷின் வந்ததால் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள், அந்த இரண்டு பேரின் துணியையும் இப்போது இவள்தான் மடிக்கிறாள். கடையில் வேலைக்குக் குறைவில்லை. பார்சல் கொண்டுபோகிற பையன்கள் வண்டியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள், பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிகிறது, 'இன்னும் ரெண்டு வாரம் ஓடுமா அண்ணே' என்று கேட்கிறார்கள். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே 'அப்பா, மாஸ்டர் கூப்பிடறாரு, அப்புறம் பேசறேன்' என்கிறாய். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னாய். கடிதத்தை யாரும் பிடுங்க மாட்டார்கள், நீயும் நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கவர் திங்கட்கிழமை வந்தது. உள்ளே ஒரு தாள், அதன்மேல் நீ ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் 'அப்பா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, கீழே கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிடுங்க' என்று எழுதியிருந்தாய். சும்மா என்று நீ எழுதிய தாளை நான் நாலு தடவை படித்தேன். பதினெட்டாம் தேதி, கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் மாடிக்கு, நடுவில் தெரு, இருபத்திரண்டு அடி இடைவெளி, மோட்டார் சைக்கிளில் தாண்டுதல். பணியின்போது நேரும் எந்த விபத்துக்கும் அதன் விளைவுகளுக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்பதை அறிந்து சம்மதிக்கிறேன். கீழே உன் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது, அதன் பக்கத்தில் பெற்றோர் என்று போட்டு ஒரு காலி இடம். உனக்கு இருபத்தாறு வயது. ஓட்டுப் போட, கல்யாணம் செய்துகொள்ள, கடைக்கு முதலாளியாக உனக்கு என் கையெழுத்து வேண்டாம், கட்டடத்திலிருந்து குதிக்க மட்டும் வேண்டுமாம். அதை மடித்து மேஜை டிராயரில் வைத்தேன். அம்மா சாயங்காலம் வந்ததும் எடுத்துப் படித்துவிட்டாள். 'இதுல நீங்க கையெழுத்துப் போட்டா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, 'போடலன்னா அவ நம்மகிட்ட பேச மாட்டா' என்றாள். அதோடு போய் அரிசி களைந்தாள். மூன்று நாளாக வீட்டில் பேச்சு அவ்வளவுதான்.

நீ படக் கம்பெனியில் உடைகள் பிரிவில் இருக்கிறாய் என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தோம், அந்தக் கோபத்தை இங்கே எடுக்கவில்லை. ஆனால் நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம் என்று நீ இரண்டு மாதமாகக் கேட்கிறாய், அதைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சர் மாமா கடைக்கு வந்து போனை நீட்டினார். மீசைக்காரக் கதாநாயகன் ஒருவன் வண்டியை எடுத்துக்கொண்டு மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் ஓட்டுகிறான். 'பாருங்க மச்சான், மனுஷன் எப்படி ஓட்டறான்' என்றார். கிளம்புவதற்கு முன்னால் அந்த மனுஷன் சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, குதிகாலால் அதைப் பின்பக்கமாக இரண்டு தடவை தட்டிப் பார்த்தான். பதினாறு வயதில் ஸ்டாண்டை எடுக்காமல் திரும்பி நீ கீழே விழுந்ததிலிருந்து உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் அப்படி இரண்டு தடவை தட்டுவது. தோளுக்குப் பஞ்சு வைத்த சட்டை, முகத்தை மூடிய ஹெல்மெட், அதற்குள் என் மகள். பஞ்சர் மாமாவிடம், 'இன்னொரு தடவை போடுங்க' என்று மட்டும் சொன்னேன். அவர், 'உங்களுக்கும் பைக் படம் பிடிச்சுப்போச்சா மச்சான், இத்தனை வருஷம் பஜனைக்குப் போற மாதிரி மூஞ்சிய வச்சிருந்தீங்க' என்று சிரித்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தேன். உனக்குத் தெரியும், நான் சண்டைப் படம் பார்க்கிறவன் இல்லை, பகல் முழுக்க உடைந்த வண்டியைப் பார்க்கிறவனுக்குச் சாயங்காலமும் வண்டி உடைவதைப் பார்க்க என்ன தலையெழுத்து. டிவியில் இந்திய ஆக்‌ஷன் படங்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது, அதற்குள்ளே போஸ்டரில் பைக் போட்டதாக மட்டும் பொறுக்கிப் பார்த்தேன், பதினாலு நாளில் பதினொரு படம். கடையைச் சாத்திவிட்டு வந்து, முகம் கழுவி, பரீட்சைக்கு உட்காருகிறவன் மாதிரி உட்காருவேன். முதல் படம் ஒன்றும் புரியவில்லை. கதாநாயகன் யாரைத் துரத்துகிறான், எதற்குத் துரத்துகிறான் என்று கேட்பதற்குள் அடுத்த துரத்தல் வந்துவிடுகிறது. மூன்றாவது படத்துக்குமேல் சட்டதிட்டம் பிடிபட்டது. கதாநாயகன் வண்டிக்குப் பெட்ரோல் தீராது. சுவரை உடைத்துக்கொண்டு வருவான், பக்கக் கண்ணாடியில் கீறல் இருக்காது. மலைப்பாதையில் அந்த வேகத்தில் போகும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணோடு வீட்டுக்குள் பேசுவது மாதிரிப் பேசுவான். வில்லன் ஆட்கள் எப்போதும் கூட்டமாக வருவார்கள், எப்போதும் விழுவார்கள். கதாநாயகன் இறங்கி நிற்கும்போது வண்டி மெதுவாக நிற்கும், சட்டை மெதுவாகப் பறக்கும், பின்னால் ஒரு லாரி வெடிக்கும். இதையெல்லாம் கேலியாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன், பொய் சொல்ல மாட்டேன், ஐந்தாவது படத்தில் எனக்கே காலால் கியர் போட வந்துவிட்டது. கடைக்கு வருகிற பையன்கள் ஏன் அப்படி ஓட்டுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாள் முழுக்க மற்றவன் வீட்டு வாசலில் நின்று மணி அடிக்கிறவனுக்கு, சிக்னலில் இருந்து சிக்னலுக்கு இருக்கும் அந்த அரை நிமிஷம்தான் அவன் படம்.

ஆனால் ஆறாவது படத்திலிருந்து என்னால் கதாநாயகனைப் பார்க்க முடியவில்லை. விழுகிறவர்களையே பார்க்கிறேன். ஒரு படத்தில் எண்ணினேன், முப்பத்தொரு பேர் வண்டியிலிருந்து விழுகிறார்கள், ஒருவன் கண்ணாடிக் கதவுக்குள் போகிறான், ஒருவன் வண்டியோடு படிக்கட்டில் உருளுகிறான், கேமரா ஒருத்தரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களும் தார் ரோட்டில்தானே விழுந்திருக்கிறார்கள், அந்தத் தார் மெத்தையா. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். தேநீர் கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது, விழுந்த முப்பத்தொரு பேர் 'மற்றும் குழுவினர்'. உன் பெயரும் அதற்குள்தான் இருக்கிறது போல. கைப்பிடிச் சுவர்மேல் ஓட்டியது நீ, விசில் அவனுக்கு. இதை நீ ஒப்புக்கொண்டுதான் போயிருக்கிறாய், தெரியும். 'நான் விழறதுக்குப் போகலப்பா, ஓட்டறதுக்குப் போறேன்' என்று நீ சொன்னாய். நீ ஓட்டுவதை நான் பார்த்தேன் பாப்பா. அந்தக் கிணற்றுச் சண்டைப் படத்தில், வண்டியோடு கிணற்றைத் தாண்டுவதற்கு முன்னால், சரளைக்கல்லில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்புகிறாயே, என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். முப்பது வருஷம் வண்டியோடு கிடக்கிறேன், எனக்கு அது வராது. இதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அம்மா ஒரு படமும் பார்க்கவில்லை. அடுப்படியில் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது நறுக்குவாள், சத்தம் மட்டும் கேட்கும். டமார் என்று கேட்டதும், 'விழுந்துட்டாளா' என்பாள். 'அது வில்லன் ஆளு' என்பேன். 'அவன் எழுந்துட்டானா' என்பாள். அதற்குள் காட்சி மாறியிருக்கும்.

இனி நான் எழுதப்போவதை நிதானமாகப் படி. நம் கடை வழக்கம் உனக்கு மறந்திருக்காது. நட்டை முழுசாக முடுக்கிய பிறகு, நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். பிறகு எப்போதாவது நட்டு தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும், கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம். அதனால் முதலில் ஸ்பேனர், பிறகு பெயிண்ட். மாற்றிச் செய்யக் கூடாது. போன வாரம் பஞ்சர் மாமா இன்னொரு வீடியோ காட்டினார். உன் கம்பெனிக்காரர்களே பெருமைக்குப் போட்டது, அந்தக் கிணற்றுச் சண்டையை எப்படி எடுத்தோம் என்று ஏழு நிமிஷம். அதில் ஓரத்தில் மூன்று வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒருவன் பெயிண்ட் டப்பாவோடு குனிந்து குனிந்து எல்லா நட்டிலும் கோடு போட்டுக்கொண்டு முன்னால் போகிறான். ஸ்பேனர் வைத்திருப்பவன் அவனுக்குப் பின்னால் வருகிறான். முதல் வண்டி முடித்து, இரண்டாவது முடித்து, மூன்றாவதில் கை வைக்கிற நேரத்தில் யாரோ 'ஷாட் ரெடி' என்று கத்துகிறார்கள், அவன் ஸ்பேனரோடு ஓடிவிடுகிறான். மூன்றாவது வண்டிக்கு இடப்பக்க டேங்கில் ஒரு நீளமான கீறல் இருந்தது. நான் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைத் திரும்பப் போட்டேன். நீ கிணற்றைத் தாண்டுகிற வண்டியில் இடப்பக்கம் அதே கீறல். ஸ்லோமோஷனில் முன்சக்கரம் திரை முழுக்க வருகிறது, அங்கே நிறுத்தினேன். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ஆக்ஸில் நட்டின் மேல் வெள்ளைக் கோடு உடையாமல் நேராக இருக்கிறது. யோசித்துப் பார். கோடு போட்டபிறகு ஸ்பேனர் பட்டிருந்தால் நட்டு திரும்பியிருக்கும், கோடு உடைந்திருக்கும். அது நேராக இருக்கிறது என்றால் அதை யாரும் முடுக்கவில்லை. பார்க்கிற எல்லோருக்கும் பத்திரமான வண்டியாகத் தெரியும், தெரிவதுதான் ஆபத்து. ஒருவேளை அந்த நட்டு முதலிலேயே இறுக்கமாக இருந்திருக்கலாம், அதனால்தான் நீ இறங்கி நடந்து வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அங்கே இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது. நீ தாண்டிய அன்றைக்கு உன் முன்சக்கரத்துக்கு யாரும் பொறுப்பாக இல்லை.

இதை எப்படி ஒரு பார்வையில் பிடித்தீர்கள் என்று கேட்பாய். நானும் செய்திருக்கிறேன், அதனால் பிடித்தேன். உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பேக்கரியில் ரொட்டி சுடுகிற அண்ணன் ஒருவர் இருந்தாரே, உனக்குக் கிரீம் ரோல் கொண்டுவருவார், அவர் வண்டி முன்சக்கர வேலைக்கு வந்தது. அப்போது கூட்டாளியும் நானுமாகக் கடை நடத்திய காலம். கூட்டம் அதிகம், நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று நான்தான் கூட்டாளியிடம் அந்த யோசனையைச் சொன்னேன், நான் கோடு போட்டுக்கொண்டே போகிறேன், நீ முடுக்கிக்கொண்டே வா என்று. அவன் பாதியில் சாப்பிடப் போனான். நான் கோட்டைப் பார்த்து வேலை முடிந்தது என்று வண்டியைக் கொடுத்துவிட்டேன். அண்ணன் வளைவில் விழுந்தார், தலையில் அடி. சக்கரம் தனியாகக் கிடந்தது. அவர் கேட்டபோது 'ரோட்டுல குழிண்ணே, குழில இறங்கி நட்டு தெறிச்சிருக்கு' என்று சொன்னேன். உனக்கும் அதையே சொன்னேன், நீ பள்ளிக்கூடத்தில் போய் அதையே சொன்னாய். அவர் உயிர் பிழைத்தார், ஆனால் மூக்கில் வாசனை போய்விட்டது, திரும்பி வரவே இல்லை. ரொட்டி வேகிற வாசனை தெரியாதவனைப் பேக்கரியில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள். மூன்று தட்டு கருகியதும் அனுப்பிவிட்டார்கள். இப்போது நம் ஊரிலேயே ஒரு கார் நிறுத்துமிடத்தில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். அவர் வண்டியை நான் காசு வாங்காமல் சரி செய்து கொடுத்தேன் என்று பதினேழு வருஷமாகப் பார்க்கிற இடத்தில் எல்லாம் கும்பிடுகிறார்.

உன் கம்பெனிக்காரனைத் திட்டி எழுதலாம் என்று செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. பொறுப்பல்ல என்று அவன் தாளில் அடித்து வைத்திருக்கிறான், நான் வாயால் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் இன்று காலை கடையைத் திறப்பதற்கு முன்னால் அந்த அண்ணனிடம் போனேன். சாவடியில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். 'என்ன முதலாளி, வண்டி எங்க, நடந்து வர்றீங்க' என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கூட்டாளி தலையில் போடாமல், யோசனை என்னுடையது என்பதையும் சேர்த்து. இரண்டு கார் வந்தது, இரண்டுக்கும் சீட்டுக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், 'அந்த வழியா போறப்ப எல்லாம் குழி எங்கன்னு தேடுவேன். இல்லையேன்னு நினைப்பேன். சரி, மூடியிருப்பாங்கன்னு நானே சமாதானம் சொல்லிக்குவேன்' என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். 'இதை ஏன் இன்னைக்கு வந்து சொல்றீங்க' என்றார். உன் விஷயத்தைச் சொன்னேன். சீட்டுக் கட்டைத் தட்டி அடுக்கிவிட்டு, 'அப்ப உங்க பொண்ணுக்கு ஒண்ணுன்னதும்தான் ஞாபகம் வந்துச்சு' என்றார். ஆமாம் என்றேன். 'போங்க' என்றார். கும்பிடவில்லை. மனசு லேசானது என்றெல்லாம் எழுத மாட்டேன், லேசாகவில்லை. ஆனால் உனக்கு இதை எழுத எனக்கு இப்போது வாய் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அவள் அந்தக் கிணற்றுக் காட்சியைப் போடச் சொன்னாள். முதல் தடவையாக டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள், வேலைக்குப் போகிற சேலையோடு. நீ தாண்டினாய். 'இன்னொரு தடவை' என்றாள். மூன்று தடவை பார்த்தாள். 'நல்லாத்தான் ஓட்டறா' என்றாள். பிறகு எழுந்துகொண்டே, 'அவளைப் போகாதன்னு சொல்ல நாம யாரு. ஆனா அவ வண்டிக்குப் பொறுப்பு யாருன்னு கேக்கலாம்ல' என்றாள். மூன்று நாளாக நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்தத் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அவர்கள் கேட்கிற கையெழுத்து நீ குதிப்பதற்கு இல்லை பாப்பா, குதித்த பிறகு நான் பேசாமல் இருப்பதற்கு. அதை நான் போட மாட்டேன். ஆனால் அந்தக் காலி இடத்துக்கு மேலே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, என் கையால் ஒரு வரி எழுதியிருக்கிறேன், 'வண்டியைச் சரிபார்த்து முடுக்கியவர், பெயர், கையெழுத்து, நேரம்'. இதை உன் மாஸ்டரிடம் எல்லோர் முன்னாலும் நீட்டு. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நேரமில்லை என்பார்கள், மூன்று வண்டிக்கு இருபது நிமிஷம் போதும். உன்னை விட்டால் நாளைக்கே பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள் என்பார்கள், அது உண்மை, அதனால்தான் அந்தப் பத்துப் பேருக்கும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன். யாராவது ஒரு மனுஷன் தன் பெயரைப் போட்டு நான் முடுக்கினேன் என்று எழுதினால், அதற்குக் கீழே நான் போடுகிறேன், அம்மாவும் போடுவாள். ஒருத்தனும் போட மாட்டேன் என்றால், அந்த வண்டியைப் பற்றி அவர்களே உனக்குச் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். அதன் பிறகும் நீ ஏறினால் அது உன் முடிவு, நான் தடுக்க வர முடியாது, எனக்கு எதிர்க் கட்டடம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அந்தப் பஞ்சுச் சட்டையோடு நிற்காதே, தண்ணீர் குடி. அம்மா உனக்கு இரண்டு ஜோடி முழங்கால் பட்டை தைத்து வைத்திருக்கிறாள், ஆஸ்பத்திரித் துணிதான், கெட்டியாக இருக்கிறது, தனிப் பார்சலில் வரும், வெளியே தெரியாமல் உள்ளே போட்டுக்கொள். நீ எந்த ஊரில் எந்த மாடியில் நின்றாலும் எங்கள் ஆசீர்வாதம் உன்னோடு இருக்கிறது, ஆனால் ஆசீர்வாதம் நட்டை முடுக்காது, அதை நீதான் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பதினெட்டாம் தேதி தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் சாயங்காலம் போன் செய். அம்மா அன்றைக்கு லீவு சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
இந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடும்,
உன் அப்பா.